குழாயைத் திறந்து பாருங்கள்!

கேள்வி: தாம்பரத்தில் வேலை கிடைத்திருக்கிறது. வாடகை வீட்டுக்குப் பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறார்கள். கொடுக்கலாமா? வேறு எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகி, விழுப்புரம்

பதில்: அட்வான்ஸ் இருக்கட்டும் தாயே, முதலில் சமையலறைக் குழாயைத் திறந்து ஒரு வாய் கொப்பளித்துப் பாருங்கள். சேலையூர்ப் பக்கம் நான் குடியிருந்த வீட்டில் போர் தண்ணீர் கரிக்கும். மூன்று விசில் விட்டாலும் பருப்பு நறுக்கென்று நிற்கும். குழாய் முனையில் வெள்ளையாகப் படிவு. உலைக்கும் கேன் தண்ணீர்தான். வீடு காட்டிய நாளில் நான் பார்த்ததெல்லாம் மார்பிள் தரையை!

முடிச்சூர்ப் பக்கமென்றால், 2015 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை நின்றது என்று தெருமுனைக் கடைக்காரரிடம் கேளுங்கள். புரோக்கர் சொல்ல மாட்டார்.

2017 வாடகைச் சட்டம் மூன்று மாத அட்வான்ஸ் என்கிறது. ஆனால் இரு தரப்பும் வேறாக ஒப்புக்கொண்டால் தடையில்லை. பத்து மாதம் நுழைவது அந்தச் சந்தில்தான். பேரம் பேசுங்கள்; ஐந்துக்கு இறங்குவார்கள். காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க எவ்வளவு பிடிப்பார்கள், கரன்ட் யூனிட்டுக்கு என்ன கணக்கு, இரண்டையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். எனக்கு ஒரு மாத வாடகை பெயின்ட்டில் போனது. சுவரில் ஆணிகூட அடித்ததில்லை, காலண்டர் ஜன்னல் கம்பியில்தான் தொங்கியது.