ரா போய்ச் சேர்ந்தது, திருத்தம் வரவில்லை

கேள்வி: தங்கை கல்யாணத்தில் நானே படம் எடுத்தேன். மொத்தம் 1,800 ரா படங்கள் (கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ஃபைல்கள்). படம் திருத்தும் மென்பொருளான லைட்ரூம் கிளாசிக்கை மாதப் பணம் கட்டி வாங்கி, ஆறு மாதம் உட்கார்ந்து திருத்தினேன். ரா ஃபைல்களை அப்படியே ஹார்ட் டிஸ்கில் போட்டு ஆல்பம் போடும் ஸ்டுடியோவில் கொடுத்தால், அங்கே ஒரு திருத்தம்கூடத் தெரியவில்லை. என் உழைப்பு போய்விட்டதா? சந்தாவை நிறுத்தினால் என்ன ஆகும்? (கும்பகோணம் வாசகர்)

பதில்: ஒன்றும் போகவில்லை, பயப்படாதீர்கள். தையல்காரரிடம் துணி கொடுக்கிறோம். அளவை அவர் தன் நோட்டில் எழுதிக்கொள்கிறார். துணி மடித்தபடியே இருக்கிறது. நீங்கள் துணியை ஸ்டுடியோவுக்கு அனுப்பிவிட்டீர்கள், அளவு நோட்டு உங்கள் வீட்டிலேயே இருக்கிறது.

லைட்ரூம் ரா ஃபைலைத் தொடுவதே இல்லை. வெளிச்சத்தை எவ்வளவு ஏற்றினீர்கள், எங்கே வெட்டினீர்கள் என்பதையெல்லாம் கேட்டலாக் என்ற தனி ஃபைலில் குறித்து வைக்கிறது. படம் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்ற விலாசமும் அதில்தான். அதனால் படத்தை வெளியே கொடுக்க எக்ஸ்போர்ட் செய்துதான், அதாவது திருத்தங்களைச் சேர்த்துப் புது ஃபைலாக எடுத்துதான் ஆகவேண்டும். அப்போதுதான் துணி தைத்த சட்டையாகிறது.

ஆல்பத்துக்கு ஜேபெக் போதும். தரம் 90, நிற வகை (கலர் ஸ்பேஸ்) எஸ்ஆர்ஜிபி, அளவைக் குறைக்கும் பெட்டியில் டிக் வேண்டாம். 24 மெகாபிக்ஸல் கேமரா என்றால் 6000×4000 வரும். 12×18 அங்குலத்துக்கு 300 பிக்ஸல் வீதம் கணக்குப் போட்டாலும் 5400×3600 தான் தேவை. பக்கத்தில் ரெசல்யூஷன் என்று ஓர் எண் கேட்கும். அளவைக் குறைக்காதவரை அதில் 72 இருந்தாலும் 300 இருந்தாலும் படத்தில் ஒரு புள்ளிகூட மாறாது. சிலர் 16 பிட் டிஃப் என்ற பெரிய ஃபைல் வகையைக் கேட்பார்கள். 24 மெகாபிக்ஸல் படம் ஒன்று சுமார் 144 எம்பி ஆகும், 1,800 படத்துக்கு 250 ஜிபியைத் தாண்டும். கல்யாண ஆல்பத்துக்கு அது தேவையில்லை. சொந்தக்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப நீளப் பக்கம் 2048 என்று தனியாக இன்னொரு எக்ஸ்போர்ட் எடுங்கள். இரண்டையும் ப்ரீசெட்டாகச் சேமித்துவிட்டால் அடுத்த முறை ஒரு கிளிக்தான்.

ஃபைல் பெயரை 1, 2, 3 என்று மாற்றிவிடாதீர்கள். கேமரா கொடுத்த எண் கடைசியில் இருக்கட்டும். “அந்த 4571-ல மாப்பிள்ளை கண்ணு மூடியிருக்கு, வேற இருக்கா?” என்று ஸ்டுடியோவிலிருந்து போன் வரும். அந்த எண் கையில் இருந்தால் அரை நிமிஷத்தில் ராவைப் பிடித்துவிடலாம்.

எக்ஸ்போர்ட் முடிந்தபின் ராவை அழிக்கலாமே என்று தோன்றும். நான் செய்து பட்டவன், அதனால் கெஞ்சிக் கேட்கிறேன், வேண்டாம். அப்பாவின் அறுபதாம் கல்யாணப் படங்களில் ஜேபெக்கை மட்டும் வைத்துக்கொண்டு இடம் மிச்சம் பிடித்தேன். பிறகு ஒரு படத்தைப் பெரிதாக்கி மாட்ட ஆசைப்பட்டபோது, வெயில் பட்ட இடத்தில் அப்பாவின் வேட்டி வெறும் வெள்ளைத் தாளாக இருந்தது. மடிப்பும் இல்லை, ஜரிகையும் இல்லை. ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான். 14 பிட் ராவில் 16,384. அந்த ஜரிகை ராவில் இருந்திருக்க வாய்ப்பு உண்டு. இனி தெரிந்துகொள்ள வழியில்லை.

சந்தா விஷயத்துக்கு வருவோம். நிறுத்தினாலும் லைட்ரூம் கிளாசிக் திறக்கும், படங்களைப் பார்க்கலாம், அடுக்கலாம், எக்ஸ்போர்ட்டும் செய்யலாம். திருத்தும் பகுதியான டெவலப்பும், வரைபடப் பகுதியான மேப்பும் மட்டும் பூட்டிக்கொள்ளும். நிறுத்துவதற்கு முன் ஒன்று பாருங்கள்: மாதாமாதம் பணம் போனாலும் பலர் எடுத்திருப்பது ஓராண்டுத் திட்டம். நடுவில் விலகினால் கட்டணம் பிடிப்பார்கள். இதை வாடிக்கையாளர் கண்ணில் படாமல் மறைத்ததாகத்தான் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 2024 ஜூனில் லைட்ரூமை விற்கும் அடோபி மீது வழக்குப் போட்டது. உங்கள் கணக்குப் பக்கத்தில் எந்தத் திட்டம், எப்போது முடிகிறது என்று பார்த்து, முடியும் சமயத்தில் விலகுங்கள்.

அதற்குள் எல்லாப் படத்தையும் தேர்ந்தெடுத்து, லைட்ரூமின் லைப்ரரி பகுதியில் கண்ட்ரோலும் எஸ்ஸும் அழுத்துங்கள். ஒவ்வொரு ராவுக்குப் பக்கத்திலும் அதே பெயரில் ஒரு குட்டி எக்ஸ்எம்பி ஃபைல் வந்து உட்காரும். அளவு நோட்டின் அந்தந்தப் பக்கத்தைக் கிழித்து அந்தந்தத் துணியோடு குத்தி வைத்த மாதிரி. கலெக்‌ஷன்களும் விர்ச்சுவல் காப்பிகளும் (ஒரே ராவுக்கு நீங்கள் வைத்த வேறு வேறு திருத்தங்கள்) அதில் வராது, அதனால் கேட்டலாக்கும் பத்திரமாக இருக்கவேண்டும். பிறகு இலவசத் திருத்த மென்பொருள்களான டார்க்டேபிளுக்கோ ரா தெரபிக்கோ மாறினால் லைட்ரூமில் செய்த தோற்றம் அப்படியே வராது. புதுப் படங்களை அதில் தொடங்குங்கள், பழையதை ஜேபெக்காக எடுத்து வையுங்கள். வருஷத்துக்கு நாலு விசேஷம் எடுப்பவருக்கு டார்க்டேபிளே தாராளம் என்பது என் எண்ணம். பழக ஒரு மாதம் ஆகும், அவ்வளவுதான்.

கேள்வி: ஃபோல்டர் பெயரை மாற்றினேன், லைட்ரூமில் கேள்விக்குறி வருகிறது.

பதில்: விண்டோஸில் போய் மாற்றியிருப்பீர்கள். விலாசம் மாறியது கேட்டலாக்குக்குத் தெரியாது. அந்த ஃபோல்டர் மேல் ரைட் கிளிக் செய்து, காணாமல் போன ஃபோல்டரைத் தேடு என்ற இடத்தில் புது ஃபோல்டரைக் காட்டுங்கள், திருத்தங்களோடு திரும்பி வரும். இனிமேல் நகர்த்துவதும் பெயர் மாற்றுவதும் லைட்ரூமுக்குள்ளேயே நடக்கட்டும். வருஷம், அதற்குள் தேதியும் விசேஷமும் என்று இரண்டே அடுக்கு போதும். எக்ஸ்போர்ட் செய்ததை ரா இருக்கும் ஃபோல்டரில் கலக்காதீர்கள்.

கேள்வி: மானிட்டரில் அரக்குப் பட்டு ஜொலிக்கிறது, பிரிண்டில் மங்கல். லேப் சரியில்லையா?

பதில்: லேபைக் குறை சொல்லும் முன் எக்ஸ்போர்ட்டில் நிற வகையாக அடோபி ஆர்ஜிபி இருக்கிறதா பாருங்கள், பெரும்பாலும் அதுதான் காரணம். எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றி, மானிட்டர் வெளிச்சத்தையும் நன்றாகக் குறைத்துத் திருத்துங்கள். முழுச் செட்டையும் கொடுக்காமல் நாலு படம் மட்டும் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

கேள்வி: 4 டிபி ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கலாமா?

பதில்: அதற்குப் பதில் 2 டிபி இரண்டாக வாங்குங்கள். இரண்டிலும் அதே ரா, ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். கேட்டலாக் கம்ப்யூட்டரின் எஸ்எஸ்டியில் இருந்தால் வேகம். மூடும்போது லைட்ரூம் பேக்கப் எடுக்கவா என்று கேட்கிறதே, அது கேட்டலாக்கை மட்டும்தான் எடுக்கிறது, படங்களை எடுப்பதில்லை. அதுவும் நீங்கள் இடம் மாற்றாவிட்டால் அதே டிஸ்கில் கேட்டலாக்குக்குப் பக்கத்திலேயே போய் உட்காரும். அந்தப் பெட்டியிலேயே இடத்தை வெளி டிஸ்குக்கு மாற்றலாம், இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.