எச்சில் டெஸ்ட் எடுத்தால் பயாப்ஸி வேண்டாமா?

கேள்வி: எங்களுக்குக் கும்பகோணம் பக்கம். அம்மாவுக்கு வயது 58. வருடக்கணக்காக வெற்றிலை, சீவல், புகையிலை போடுகிறார். இடது கன்னத்தின் உள்பக்கம் வெள்ளையாகப் படர்ந்து, இரண்டு மாதமாகியும் போகவில்லை. கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதிக்கும் பயாப்ஸிக்குப் பல் டாக்டர் சொல்கிறார். “கத்தி பட்டால் பரவிடும்” என்று அம்மா மறுக்கிறார். எச்சிலில் உள்ள என்சைமை வைத்தே புற்றுநோயைக் கண்டுபிடிக்கலாம் என்று படித்தேன். அது போதாதா டாக்டர்?

பதில்: போதாது. ஆனால் நீங்கள் படித்தது கட்டுக்கதையும் இல்லை. வாய்ப்புற்று உள்ளவர்களின் எச்சிலில் எல்டிஹெச் என்ற என்சைம் கூடுதலாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சர்க்கரை லாக்டிக் அமிலமாகும் கடைசிப் படியை நடத்துவது இதுதான். ஆக்ஸிஜன் தாராளமாகக் கிடைத்தாலும் புற்றணுக்கள் சர்க்கரையை முழுதாக எரிக்காமல் இந்தக் குறுக்கு வழியையே பிடிக்கும்; ஜெர்மனியின் விஞ்ஞானி ஆட்டோ வார்பர்க் 1920களிலேயே கவனித்த விஷயம். அணுக்கள் சிதையும்போது என்சைம் எச்சிலில் கசிகிறது. எம்எம்பி-9 என்று இன்னொன்று, சுற்றியுள்ள சதையைத் தாங்கும் கொலாஜன் என்ற புரதத்தை அறுத்துப் புற்று உள்ளே இறங்க வழி செய்வது. அதுவும் எச்சிலில் தென்படும்.

சிக்கல் என்னவென்றால், எல்டிஹெச் உடம்பின் எல்லா அணுக்களிலும் உண்டு. எந்த அணு செத்தாலும் கசியும். ஈறு வீங்கி ரத்தம் வந்தாலே ஏறிவிடும், எம்எம்பியும் அப்படித்தான். வருடக்கணக்காகப் புகையிலை அடக்கியவரின் ஈறு சுத்தமாகவா இருக்கும்? போதாக்குறைக்கு எச்சிலில் 99 சதவீதம் தண்ணீர். வாய் வறண்டிருந்தால் அதே என்சைம் அதிகமாகக் காட்டும், சீவல் மென்று எச்சில் ஊறியிருந்தால் குறைவாகக் காட்டும். இதற்கு மேல் போனால் புற்று என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட எண் எதுவும் கிடையாது. கூடுதலாக வந்தால் வீண் பயம், அவ்வளவுதான். குறைவாக வந்து, “ஒன்றுமில்லை” என்று அம்மா வீட்டில் உட்கார்ந்துவிடுவதுதான் எனக்குக் கவலை.

கண்ணுக்கு எட்டாத இடத்துப் புற்றுக்கு ரத்தத்திலும் எச்சிலிலும் துப்புத் தேடுவதில் அர்த்தமுண்டு. வாய், டார்ச் அடித்தால் தெரிகிற இடம். திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-இல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்றவர்கள் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். சந்தேகமானவர்களை டாக்டரிடம் அனுப்பினார்கள். புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்று மரணம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

கத்தி பட்டால் பரவும் என்பது உண்மையில்லை. மரத்துப்போக ஊசி போட்டு, பருப்பளவு சதை எடுப்பார்கள். தேவைப்பட்டால் ஒரு தையல். அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். பலரும் முற்றிய பிறகே வருகிறார்கள். சதை எடுத்த கொஞ்ச நாளில் நோய் தலைதூக்க, பழி கத்தி மேல் விழுகிறது.

புகையிலையை எந்தப் பக்கம் அடக்குவார் என்று அம்மாவைக் கேளுங்கள். அநேகமாக இடது பக்கம் என்பார். வாய் கொப்பளிக்கச் சொல்லி, கன்னத்தை விலக்கி டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளைக்கு நடுவே சிவப்பு, தொட்டால் கெட்டியாக இருப்பது, தாடைக்குக் கீழே கட்டி, மூன்று விரலை நெட்டாக நுழைக்க முடியாத அளவுக்கு வாய் இறுகியிருப்பது, இதில் எது இருந்தாலும் ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள். எதுவும் இல்லாவிட்டாலும் இந்த வாரமே பயாப்ஸி எடுத்துவிடுங்கள். செலவு இடித்தால் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள்.

“புகையிலையை விட்டுடறேன், சீவல் மட்டும் போட்டுக்கறேன்” என்று அம்மா பேரம் பேசுவார். இந்தப் பக்கத்தில் நான் அடிக்கடி கேட்கிற பேரம் இது. புகையிலை சேராத வெற்றிலை பாக்கும் புற்றை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே அறிக்கை வெளியிட்டுவிட்டது. சீவலும் பாக்குத்தானே. வேண்டுமானால் கொழுந்து வெற்றிலையை மட்டும் மெல்லட்டும். அதுவும் பயாப்ஸி ரிப்போர்ட் வந்த பிறகு.