1972-க்குப் பிறகு அமெரிக்கா நிலவுக்கு ஆள் அனுப்புவதை ஏன் நிறுத்தியது?

காசுதான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். பாதி சரி. காசு இருந்தது, அதை ஒதுக்கும் அரசியல் அவசரம்தான் போய்விட்டது.

1961 ஏப்ரலில் சோவியத் ரஷ்யாவின் ககாரின் முதல் மனிதராக விண்வெளிக்குப் போனார். அதே மாதம் கியூபாவில் காஸ்ட்ரோ ஆட்சியைக் கவிழ்க்கப் பார்த்து அமெரிக்கா மூக்குடைபட்டது. மே 25 அன்று அமெரிக்க அதிபர் கென்னடி, அறுபதுகள் முடிவதற்குள் நிலவில் ஆளை இறக்குவோம் என்றார். அப்போது ஆளை விண்வெளிக்கு அனுப்புவதில் அமெரிக்கர்களின் மொத்த அனுபவமே, அவர்களின் முதல் விண்வெளி வீரர் ஷெப்பர்டின் 15 நிமிடப் பயணம்தான்! அறிவியல் ஆர்வம் என்று நினைத்துவிடாதீர்கள். 1962 நவம்பரில் நாசா தலைவர் வெப்பிடம், தனக்கு விண்வெளியில் அவ்வளவு ஆர்வமில்லை என்று கென்னடியே சொன்னது வெள்ளை மாளிகை ஒலிநாடாவில் பதிவாகியிருக்கிறது. ரஷ்யாவை முந்த வேண்டும், அவ்வளவுதான்.

1966-இல் அமெரிக்க மத்திய அரசுச் செலவில் சுமார் 4.4 சதவீதம் நாசாவுக்குப் போனது. இன்று அரை சதவீதம்கூட இல்லை. 1969-இல் முதல் மனிதர்களோடு அப்பல்லோ 11 நிலவில் இறங்கியதும் பந்தயம் முடிந்தது; வியட்நாம் போர் வேறு பணத்தை விழுங்கிக்கொண்டிருந்தது. 1970-இல், திட்டமிட்டிருந்த கடைசி நிலவுப் பயணங்களான அப்பல்லோ 18, 19, 20 மூன்றையும் ரத்து செய்தார்கள். நிலவுக்குப் பறப்பதற்கென்றே கட்டிய சாட்டர்ன் 5 ராக்கெட் பகுதிகள் இப்போது ஹூஸ்டனில் படுக்கைவாட்டில் காட்சிக்கு இருக்கின்றன.