கொத்துக் கரண்டி பிடிச்சு கொத்தனார் ஆக ஆசைப்படுற பொம்பளைப் பிள்ளைகளுக்கு: கேள்வி பதில்

நான் களியக்காவிளை பக்கம். 6 வருசம் கையாளு, அதாவது கொத்தனாருக்கு கல்லும் சாந்தும் எடுத்துக் குடுக்குற ஆளு, அதுக்கு அப்புறம் 12 வருசமா கொத்தனார். கேரளால பாறசாலை, நெய்யாற்றின்கரை சைட்டுல தான் அதிகம் வேலை. கேளுங்க, தெரிஞ்சத சொல்லுறேன்.

அக்கா, எனக்கு 21 வயசு. நாலு மாசமா சாந்துச் சட்டி தூக்குறேன். கரண்டி கேட்டா மேசிரி (தலைமைக் கொத்தனார்) சிரிக்காரு. என்ன செய்ய?

மக்ளே, சட்டி தூக்கிட்டே இருந்தா ஒருநாள் கரண்டி தருவாங்கன்னு மட்டும் நினைக்காத, நான் அப்படி நினைச்சு தான் 6 வருசம் போச்சு, எனக்குப் பின்னால வந்த பையனுவ ரெண்டே வருசத்துல கொத்தனார் ஆயிட்டானுவ. வாய் விட்டு கேளு, ஆனா "வேலை கத்துத் தாங்க"ன்னு பொதுவா கேக்காத, இடத்தைக் காட்டி கேளு. அஸ்திவாரக் கட்டு, பூசி மறையப்போற சுவரோட நடுப்பகுதி, இதுல நூல் கட்டின பிறகு கல்லு வைக்க விடச் சொல்லு. மூலைய அவரே கட்டட்டும். மூலை நேர் செங்குத்தா நிக்காம பிசகுனா மொத்த சுவரும் போச்சு, அந்தப் பயத்துல தான் அவரு தர மாட்டேங்காரு.

வீட்டுல 30 பழைய செங்கல் போட்டு, சிமெண்ட் இல்லாம மண்ணு குழைச்சு கட்டிப் பாரு, பிரிச்சு மறுபடி கட்டு. சுவர் செங்குத்தா இருக்கான்னு பாக்குற தூக்குகுண்டும், மட்டம் பாக்குற ரசமட்டமும் கை பழகணும். மூலை சரியா இருக்கான்னு பாக்க ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி அளந்து குறி போடு, குறுக்க 5 அடி வரணும். செங்கல நனைச்சு வை. 9 இஞ்ச் சுவருக்கு ஒரு பங்கு சிமெண்டுக்கு ஆறு பங்கு மணல் கலவை, நாலரை இஞ்சுக்கு ஒண்ணுக்கு நாலு. ஒரே நாள்ல அஞ்சடிக்கு மேல ஏத்தாத.

பின்னே, கலவை போடுற மிக்சர் மிசின் பக்கம் துப்பட்டா போட்டுட்டுப் போவாத. முடிய இறுக்கிக் கட்டு.

கேரளால கூலி எவ்வளவு கிடைக்கும்?

ரிசர்வ் வங்கி கணக்குல 2022-23ல கேரள கிராமங்கள்ல கட்டட வேலைக்கு சராசரி நாள் கூலி 852 ரூபாய், நாட்டுலயே அதிகம். ஆனா அது ஆம்பளைங்க கூலி கணக்கு. ஆணுக்கும் பொண்ணுக்கும் சம வேலைக்கு சம கூலின்னு 1976லயே சட்டம் வந்தாச்சு, அதனால வேலைக்கு ஏறுறதுக்கு முன்னாலயே பேசி முடிச்சுரு.

சிமெண்ட் பட்டு கை பொத்துப்போகுது, தேங்காண்ணெய் போட்டா போதுமா?

போதாது. ஈர சிமெண்ட் சுண்ணாம்பு மாதிரி தோலைத் தின்னும். ரப்பர் கிளவுஸ் போடு, வேலை முடிஞ்சதும் நல்ல தண்ணில கழுவு. அதுல இருக்க குரோமியம் அலர்ஜி ஒருக்க பிடிச்சா லேசுல விடாது, புண்ணு ஆறலன்னா தோல் டாக்டரப் பாரு. நனைஞ்ச துணியோட நிக்காத.

அக்கா கூலி எவ்ளோ வரும்?

மேல சொல்லிட்டேன்.

நான் 20 வருசமா கொத்தனார். பொம்பளைக்கு இதுக்குப் பலம் காணாது, சாரத்துல நிக்கவும் முடியாது. ஆசை காட்டாதீங்க.

அண்ணே, உங்க சைட்டுல கல்லும் சாந்தும் மாடிக்கு யாரு ஏத்துறா? பொம்பளை தான. நாள் முழுக்க தலையில சுமந்து ஏணி ஏறுறவளுக்குப் பலம் இருக்கு, ஒரு கரண்டி சாந்து எடுத்து வைக்க மட்டும் பலம் இல்லியா? கனமான வேலைக்கு கம்மி கூலி, கனம் கொறஞ்ச வேலைக்கு கூடுதல் கூலி, இது தான் நடக்குது. கேரளால ஏற்றுமானூர்ல அர்ச்சனா மகளிர் மையம் பொம்பளைங்களுக்கு கொத்து வேலை பழக்குது. கேரள அரசோட மகளிர் குழு திட்டமான குடும்பஸ்ரீ பெண்கள் குழுவாச் சேந்து முழு வீடே கட்டிக் கொடுத்துருக்காங்க.

அதே அண்ணன்: அது டிரெயினிங் காசு குடுத்து செய்றது. வெளி சைட்டுல பாத்ரூம் கூட இல்ல, எப்படி நிப்பாங்க?

பாத்ரூம் சொன்னீங்களே, அது சத்தியம், நான் தண்ணி குடிக்காம வேலை பாத்து சிறுநீர் இன்பெக்சன் வந்து கிடந்துருக்கேன். ஆனா அதே சைட்டுல சித்தாள் வேலைக்கு பொம்பளைங்க நிக்கும்போது உங்களுக்கு அந்தக் கவலை வரலியே? கரண்டி கேட்டா மட்டும் ஏன் வருது? ஒரு தகரம் மறைச்சு கக்கூஸ் வைக்கச் சொல்லி காண்டிராக்டர்ட்ட நீங்க கேளுங்க, நீங்க சொன்னா கேப்பாங்க. இதுக்கு மேல வேற ஆளுக்கு பதில் சொல்லணும்.

கட்டடத் தொழிலாளர் நல வாரியத்துல பதியலாமா?

கண்டிப்பா. 18 முதல் 60 வயசு, வருசத்துல 90 நாள் வேலை செஞ்சிருக்கணும். "சித்தாள்"னு எழுதாம என்ன வேலை செய்யுறியோ அதை எழுது.

ஒயரிங் கத்துக்கலாமா?

எனக்கு அது தெரியாது. ஐடிஐல கேளு.

கையாளுக்கு கூலி...

மேல பாரு மக்ளே, கூலி கேக்குற மூணாவது ஆளு நீ.

முதல்ல கேட்டவ தான் அக்கா. சொந்தமா கரண்டி வாங்கட்டா?

வாங்கு. கடையில பிடிச்சுப் பாரு, மணிக்கட்டு வலிக்காததா எடு. தூக்குகுண்டும் நூலும் சேத்து வாங்கு. மேசிரிக்கு முன்னால பையில இருந்து எடுத்து வை. துப்பட்டா ஞாபகம் இருக்குல்லா?