லேக் வேற, லேட்டன்சி வேற

சகோ, தண்டையார்பேட்டை வீட்ல ஸ்பீட் டெஸ்ட் 100 எம்பிபிஎஸ் காட்டுது, ஆனாலும் கேம்ல லேக் அடிக்குது, லேட்டன்சின்னா அதுதானான்னு கேட்டிருந்தீங்க. இல்ல. 100 எம்பிபிஎஸ்ங்கிறது ஒரு செகண்டுல எவ்வளவு டேட்டா போகலாம்ங்கிற கணக்கு, அதாவது ரோட்டோட அகலம். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருந்தா எவ்வளவு அகலமான ரோட்லயும் வண்டி நின்னுதான் ஆகணும். சிக்னல் போய்வர பிடிக்கிற நேரம்தான் லேட்டன்சி, மில்லிசெகண்டுல அளப்பாங்க. அது கூடிப்போய் திரையில கேம் திக்கித்திக்கி நீங்க படுற அவதிதான் லேக்.

லேட்டன்சி பூஜ்யமாகவே ஆகாது. சிக்னல் ஒளியா போற ஃபைபர் கேபிளோட கண்ணாடி இழைக்குள்ள ஒளி செகண்டுக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும். கேம் சர்வர் சிங்கப்பூர்ல இருந்தா போய்வரவே 30 மில்லிசெகண்ட் பக்கம் ஆயிடும்.

(பலர் நினைக்கிற மாதிரி லேட்டன்சிங்கிறது 'லேட்'லேர்ந்து வந்த சொல் இல்ல. 'மறைஞ்சிருத்தல்'னு பொருள்படுற லத்தீன் சொல் வழி வந்தது. தமிழ்ல எழுதினா 'சுணக்கம்'னே எழுதுங்க, அவ்வளவு பொருத்தமான சொல்.)

முதல்ல உங்க ரவுட்டருக்கே பிங் (சின்னதா ஒரு சிக்னல் அனுப்பி, அது போய்வர நேரத்தை அளக்கிற சோதனை) அடிச்சுப் பாருங்க. ஒண்ணு ரெண்டு மில்லிசெகண்டுல நிக்காம 80, 150னு எகிறினா கோளாறு வீட்டு வைஃபைலதான். ரவுட்டர்லேர்ந்து நேரா கேபிள் போட்டு ஆடிப் பார்த்துட்டு, பிங் எவ்வளவு வந்துச்சுன்னு இங்க எழுதுங்க.