கருப்பட்டி காபியும் ஐந்து சப்பாத்தியும்

கேள்வி: என் அத்தைக்கு (மாமியார்) 61 வயது, சர்க்கரை நோய் இருக்கிறது. மாத்திரையைத் தவறவிட மாட்டார். ஆனால் 'சீனிதான் விஷம்' என்று சொல்லி இரண்டு வேளையும் கருப்பட்டி காபி. 'சோறு ஆகாது' என்று ராத்திரி ஐந்து சப்பாத்தி. ஏதாவது சொன்னால், 'எங்க அம்மா கருப்பட்டி தின்னுதான் தொண்ணூறு வயசு வரைக்கும் இருந்தா' என்கிறார். எச்பிஏ1சி (கடந்த இரண்டு, மூன்று மாதச் சர்க்கரை நிலவரத்தைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 9.2 என்று அதிகமாக இருக்கிறது. என்ன செய்வது?
– வாசகி, கோவில்பட்டி

பதில்: அத்தை பத்தியம் இல்லாதவர் என்று நினைக்காதீர்கள். சீனியை விட்டிருக்கிறார், ராத்திரிச் சோற்றையும் விட்டிருக்கிறார். அந்த வயதில் அது லேசான காரியமா? பத்தியம் இருக்கத்தான் செய்கிறார், தான் நம்புகிற பத்தியம். என்னிடம் வருகிறவர்கள் பலரும் இப்படித்தான். நான் கொடுத்த டயட் தாள் ஃப்ரிட்ஜ் கதவில் பத்திரமாக ஒட்டியிருக்கும், அடுப்படியில் நடப்பது வேறு.

1950களில் அமெரிக்காவில் காசநோயைக் கண்டுபிடிக்க எக்ஸ்ரே மெஷினை வண்டியில் ஏற்றி வீட்டுப் பக்கத்துக்கே கொண்டுபோனார்கள். இலவசம்தான், ஆனாலும் பலர் வரவில்லை. ஏன் என்று ஆராய்ந்த பொதுச் சுகாதாரத் துறை உளவியலாளர்கள் சொன்னது இது: நோய் எனக்கும் வரும், வந்தால் பாதிக்கும், இதைச் செய்தால் பலன் உண்டு, அதிலுள்ள சங்கடம் பலனைவிடப் பெரிதில்லை என்று மனசு நம்ப வேண்டும். அத்தைக்கு நோய் பற்றிய பயம் இருக்கிறது. இல்லாவிட்டால் மாத்திரையை இவ்வளவு ஒழுங்காகப் போடுவாரா? சிக்கல் மூன்றாவதில். பலன் தருவதைத்தான் ஏற்கெனவே செய்துகொண்டிருப்பதாக நம்புகிறார்.

கருப்பட்டியில் கொஞ்சம் இரும்புச்சத்து உண்டு, மணமும் உண்டு. அதை மறுத்துப் பேசாதீர்கள். ஆனால் அதிலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான், சீனியில் இருக்கும் அதே சரக்கு. சப்பாத்தி கணக்கையும் பாருங்கள். 30 கிராம் மாவில் சுட்ட ஒன்றில் சுமார் 20 கிராம் மாவுச்சத்து. ஐந்துக்கு 100. இரண்டு கப் சோற்றிலேயே ஏறக்குறைய 90தான். பாவம், சோற்றை விட்டும் பலனில்லை.

இதை நீங்கள் சொன்னால் மருமகள் பேச்சு. குளுக்கோமீட்டர் சொல்லட்டும். ஒருநாள் ராத்திரி வழக்கமான ஐந்து சப்பாத்தி. சாப்பிடுமுன் ஒரு முறை விரலில் குத்திப் பாருங்கள், சாப்பிட ஆரம்பித்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறை. இன்னொரு நாள் இரண்டு சப்பாத்தி, ஒரு கிண்ணம் பாசிப்பருப்புக் கூட்டு, நிறையக் காய். அன்றும் அதேபோல் இரண்டு முறை. எண்களைக் காலண்டரில் அத்தையே எழுதட்டும். நீங்கள் வாயே திறக்க வேண்டாம். அடுத்த வாரம் கருப்பட்டி காபிக்கும், கருப்பட்டி போடாத காபிக்கும் இதே சோதனை.

தொண்ணூறு வயசுப் பாட்டி தண்ணீருக்கும் காட்டு வேலைக்கும் தினம் எவ்வளவு தூரம் நடந்தார் என்று அத்தையிடமே கேளுங்கள். வாதத்துக்காக இல்லை, கதை கேட்கிற மாதிரி.

ஒன்று முக்கியம். அத்தையின் மாத்திரையில் கிளிமிபிரைடு மாதிரி மருந்து இருந்தால், திடீரென்று சாப்பாட்டைக் குறைக்கும்போது சர்க்கரை ஒரேயடியாக இறங்கலாம். அதனால் ஆரம்பிக்கும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். வியர்வை, நடுக்கம் வந்து மீட்டரில் 70க்குக் கீழே காட்டினால் மூன்று டீஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். 'சீனிதான் விஷம்' என்பவர் அந்த நேரத்தில் மறுத்துவிடப் போகிறார், இப்போதே பேசி வையுங்கள்.

கேள்வி: அப்பா டெஸ்ட்டுக்கு முந்தின இரண்டு நாள் மட்டும் அரைப் பட்டினி கிடக்கிறார். வெறும் வயிற்று ரிசல்ட் நன்றாக வருகிறது. கண்டிக்கலாமா?
– வாசகர், காரைக்குடி

பதில்: டாக்டர் திட்டுவாரே என்று பயந்துதான் அப்படிச் செய்கிறார். வீட்டிலும் திட்டினால் இன்னும் சாமர்த்தியமாக மறைப்பார். எச்பிஏ1சி எடுக்கச் சொல்லுங்கள். அது கடந்த இரண்டு, மூன்று மாத நிலவரத்தைக் காட்டும், இரண்டு நாள் பட்டினி அதனிடம் எடுபடாது. அப்புறம், நல்ல ரிசல்ட்டை நம்பி டாக்டர் மருந்தைக் குறைத்துவிட்டால் நஷ்டம் யாருக்கு என்று ஒருமுறை அமைதியாகக் கேளுங்கள். அது போதும்.

கேள்வி: பாகற்காய் ஜூஸ் குடித்தால் மாத்திரையை நிறுத்திவிடலாமா?
– வாசகர், தேனி

பதில்: கூடாது. பாகற்காய் பிடித்தால் பொரியலாகச் சாப்பிடுங்கள், வெல்லம் போடாமல்.