பிளஸ் டூ தேர்ச்சிப் படம்: பட்டை இரு மடங்கு, உயர்வு ஒரே புள்ளி

வணக்கம். நாளிதழ்ப் படத்தில் 2023-ஐ விட 2025 பிளஸ் டூ தேர்ச்சிப் பட்டை இரு மடங்கு உயரமாக இருக்கிறதே, அப்பாவுக்கு எப்படிப் புரியவைப்பது என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் போட்ட படத்தின் இடது ஓரத்தைப் பாருங்கள்: அளவு 0-வில் இல்லை, 93-இல் தொடங்குகிறது. தமிழ்நாட்டுத் தேர்ச்சி 94.03 சதவீதத்திலிருந்து 95.03 ஆனது. 93-ஐக் கழித்தால் மிஞ்சுவது 1.03, 2.03. அந்த மிச்சத்தைத்தான் பட்டையாக வரைந்திருக்கிறார்கள். கோட்டுப் படமென்றால் பொறுத்துக்கொள்ளலாம். பட்டையில் கண் நீளத்தைத்தான் அளக்கும், அதன் அடியை வெட்டுவது தவறு.

ஒரு தாளில் சதவீதத்துக்கு ஒரு மில்லிமீட்டர் வைத்து இரண்டையும் வரைந்து காட்டுங்கள். வித்தியாசம் ஒரே மில்லிமீட்டர்.

ஆனால் முன்னேற்றமே இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். தேறாதவர்கள் 5.97 சதவீதத்திலிருந்து 4.97 ஆகியிருக்கிறார்கள், ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. எனக்கு அதுதான் பெரிய செய்தி.